மீண்டும் நடை பழகினேன்

34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றுகொண்டே பாடம் சொன்னவன் நான். ஆசிரியருக்கு நாற்காலி பகை என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அத்தகையவன் ஏழாண்டுக் காலம் திண்ணையில் கிடந்த ஒரு சாய்வு நாற்காலியே கதியென்று இருந்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா? இருந்தேன். பிறகு எழுந்தேன். ஏன் விழுந்தேன், எதனால் எழுந்தேன், எழுந்தபின் என்ன செய்தேன் என்பதே இன்று நான் உங்கள்முன் பேச எடுத்துக்கொண்ட பொருள். இளைஞர்களாகிய உங்களுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ என்னைப்போல் ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். அவர் எழுவதும் எழாததும் ஓரளவு உங்கள் கையிலும் இருக்கிறது.

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம். விருதுநகரில் அன்று காலை இலேசான தூறல். பள்ளிக்குப் புறப்படச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். வலக்கை சட்டையின் கைக்குள் நுழைய மறுத்தது. பொத்தானைப் பிடித்த விரல்கள் அதனைப் பிடித்திருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. மனைவியை அழைத்தேன், வாயினின்றும் வந்த ஒலி எனக்கே விளங்கவில்லை. காற்றுப் பிடித்திருக்கும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நானே சைகை காட்டினேன். கண் விழித்தபோது வலக்காலும் என் வசம் இல்லை. ஊரார் ஒருவர் புறா இரத்தம் தடவினால் கை எழும் என்றார்; அதற்கும் ஆள் போயிற்று. ஒருவழியாக மருத்துவமனையை அடைந்தபோது பொன்னான ஐந்தாறு மணி நேரம் கழிந்துவிட்டது. இந்தத் தவற்றுக்கு வேறு யாரையும் நான் குறை கூற மாட்டேன். அறிவியல் பாடம் நடத்திய நானே அன்று அறிவியலை மறந்தேன்.

அந்த ஐந்தாறு மணி ஏன் பொன்னானது? மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் உட்கொள்ளும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனைச் சேமித்து வைக்கும் அறை மூளையில் இல்லை; இரத்தம் இடைவிடாமல் கொண்டுவந்து தர வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, அது நீர் பாய்ச்சிய பகுதி சில நிமிடங்களிலேயே வாடத் தொடங்கும். பக்கவாதங்களுள் பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. எஞ்சியவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. அடைப்பினால் வந்ததாயின், அக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து உண்டு. ஆனால் அதனை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். கசிவினால் வந்தவருக்கு அதே மருந்து நஞ்சாகும். ஆகவே முதலில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வார். ஒத்தடத்தில் நான் கழித்த நேரம் எத்தகையது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

இடப்பக்க மூளை வலப்பக்க உடலை ஆள்கிறது. பெரும்பாலோருக்கு மொழியையும் அதுவே ஆள்கிறது. எனக்கு இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால்தான் வலக்கை, வலக்கால், பேச்சு ஆகிய மூன்றும் ஒருங்கே குலைந்தன. ஆறு திங்கள் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி பெற்றேன். பேச்சுத் திரும்பியது. தடியூன்றி நடக்க முடிந்தது. வலக்கை மட்டும் தோளிலிருந்து தொங்கும் பை போல இருந்தது. கரும்பலகையில் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன். 2017இல் ஓய்வு பெற்றேன். ஆறு திங்களில் வந்ததுதான் வந்தது, இனி வராது என்று பலரும் சொன்னார்கள். அச்சொல் எனக்கு ஒருவகையில் வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முயல வேண்டிய கடமையிலிருந்து அது எனக்கு விடுதலை தந்தது.

வெளியே நடந்தால் கால் இழுபடுவதை மாணவர்கள் பார்ப்பார்களே என்ற நாணம் ஒருபுறம். விழுந்துவிடுவேனோ என்ற அச்சம் மறுபுறம். இதயம் படபடத்தால் நோய் மீண்டும் வந்துவிடுமோ என்ற திகில் இவற்றுக்கெல்லாம் மேல். திண்ணை நாற்காலி இம்மூன்றுக்கும் நல்ல மருந்தாகத் தோன்றியது. உண்மையில் அதுவே நோயை வளர்த்தது. பயன்படாத தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, இதயமும் நுரையீரலும் சோம்புகின்றன. இழுத்து இழுத்து நடப்பவருக்கு ஒரே தூரத்தைக் கடக்க மற்றவர்களைவிட மிகுதியான ஆற்றல் தேவை. ஆற்றலோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது. களைப்பினால் நடையை விட்டேன். நடையை விட்டதனால் இன்னும் களைத்தேன். செக்கு மாடு போல இந்த வட்டத்தையே ஏழாண்டுகள் சுற்றி வந்தேன்.

2022ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த சில நாளில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பட்டாசு வேலைக்குப் போனவள். ஆலையில் நேர்ந்த விபத்தொன்றில் அவளுடைய இரு கைகளும் வெந்து ஆறியிருந்தன. தீப்புண் ஆறும்போது புதிய தோல் சுருங்கும். விரல்களை உள்ளங்கை நோக்கி இழுக்கும். நாள்தோறும் நீட்டி மடக்காவிட்டால் கை அப்படியே மூடிக்கொண்டுவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு விரலால் மற்றொரு விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தாள். வலி முகத்தில் தெரிந்தது; கை நிற்கவில்லை.

“சார், உங்கள் வலக்கையை ஏன் மடியிலேயே வைத்திருக்கிறீர்கள்?” என்றாள்.

“அது இனி வராது தாயி. ஏழு வருடம் ஆகிவிட்டது” என்றேன்.

“கையைச் சும்மா வைத்திருந்தால் அது வேலையை மறந்துபோகும் சார். எனக்கு ஒருநாள் விட்டாலே மறுநாள் விரல் நீள மாட்டேன் என்கிறது. வாய்ப்பாடு மறந்துபோனால் மறுபடியும் ஒன்றிலிருந்து சொல்லு என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்வீர்கள்?”

அவள் போன பிறகு நெடுநேரம் என் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாணவர்களே, எளிய பெண்ணொருத்தி சொன்ன அச்சொல் அறிவியலும் ஒப்புக்கொண்ட உண்மை. அமெரிக்காவில் அலபாமாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாப் என்னும் ஆராய்ச்சியாளர், பக்கவாதம் வந்த கை அசையாமலிருப்பதற்கு மூளைச் சேதம் மட்டுமே காரணமன்று என்று கண்டார். தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்ற கையை மனிதன் பயன்படுத்துவதையே விட்டுவிடுகிறான். பயன்படுத்தாமையே ஒரு பழக்கமாகிவிடுகிறது. ஆகவே அவர் நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டு, நலிந்த கையைக் கொண்டே நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்யவைத்தார். நோய் வந்து ஓராண்டுக்கு மேலாகிப் பல ஆண்டுகள் கடந்தவர்களிடமும் முன்னேற்றம் கண்டார். முதல் சில திங்களில் தேர்ச்சி விரைவாக வருகிறது என்பது உண்மையே. அதன்பின் கதவு அடைபட்டுவிடுகிறது என்பதுதான் பொய்.

செத்த நரம்பணுக்கள் உயிர் பெறுவதில்லை. அங்ஙனமாயின் முன்னேற்றம் எப்படி வருகிறது? நம் கரிசற்காட்டை எண்ணிப் பாருங்கள். ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டால் மக்கள் ஊருக்குப் போகாமலா இருந்துவிடுகிறார்கள்? ஒருவர் வரப்போரமாகச் சுற்றி நடக்கிறார். மறுநாள் இருவர் அவ்வழியே போகின்றனர். மிதிபட மிதிபடப் புதுத்தடம் ஒன்று தெளிகிறது. மூளையும் அவ்வாறே சேதமடைந்த இடத்தைச் சுற்றி, எஞ்சிய நரம்பணுக்களிடையே புதிய தொடர்புகளை வலுப்படுத்திக்கொள்கிறது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஒருநாள் நடந்தால் தடம் விழாது. பலநாள் நடந்து பின் விட்டுவிட்டால் விழுந்த தடத்தையும் முள் மூடிவிடும்.

இதற்குச் சான்றாக ஓர் ஆசிரியரின் வரலாற்றைச் சொல்கிறேன். நியூயார்க் நகரக் கல்லூரியில் பணியாற்றிய பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்னும் கட்டலோனியக் கவிஞர் 1959இல், தம் 65ஆம் வயதில் பக்கவாதத்தால் வீழ்ந்தார். பாதி உடல் அசையவில்லை, பேச்சும் இல்லை. மெக்சிகோவில் மருத்துவ மாணவராக இருந்த அவர் மகன் ஜார்ஜ் தந்தையைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படியே தந்தையும் கற்கட்டும் என்று முதலில் தரையில் தவழவிட்டார். அக்கம்பக்கத்தார் முதியவரைத் தவழவிடுவது முறையோ என்று முகம் சுளித்தனர். மகன் அதனைப் பொருட்படுத்தவில்லை. தரையில் கோலிக்குண்டு உருட்டினார்கள். நலிந்த கையால் பாத்திரங்களை வட்டமாகத் துலக்கச் செய்தார். தவழ்ந்தவர் மண்டியிட்டார், பின் நின்றார், பின் நடந்தார். மீண்டும் கல்லூரிக்குச் சென்று பாடமும் நடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின் கொலம்பியா நாட்டில் 9,000 அடி உயரத்தில் மலையேறும்போது மாரடைப்பு வந்து உயிர் நீத்தார். அவர் மூளையைச் சோதித்தபோதுதான் வியப்பு விளைந்தது. பக்கவாதம் உண்டாக்கிய பெருஞ்சேதம் ஆறாமல் அப்படியே இருந்தது. அந்தச் சேதத்தோடேயே அவர் மலையேறியிருக்கிறார்! அவருடைய மற்றொரு மகனான பால், பின்னர் மூளையின் இந்தத் தகவமையும் ஆற்றலை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

நம் நாட்டிலும் சான்று இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்து அருப்புக்கோட்டைத் தொகுதியில் 1977இல் வென்று முதலமைச்சரான எம்.ஜி. இராமச்சந்திரன், 1984 அக்டோபரில் நோயுற்றபோது பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் அவரை ஒருங்கே தாக்கின. அமெரிக்காவில் மருத்துவம் பெற்று, 1985 பிப்ரவரியில் திரும்பி, மூன்றாம் முறையாக முதலமைச்சர் பொறுப்பேற்றார். பேச்சு முன்போலத் தெளிவாக வரவில்லை. ஆயினும் பணி நின்றுவிடவில்லை. முழுதும் திரும்பினால்தான் வாழ்வேன் என்று காத்திருப்பவன் வாழ்வதே இல்லை என்பதை இதிலிருந்து நான் கற்றேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுந்தவுடன் ஓடிவிடவில்லை. முதலில் மருத்துவரைக் கண்டேன். ஏழாண்டு முடங்கியவன் தானே துணிந்து பயிற்சி தொடங்குவது அறிவுடைமையாகாது. அவர் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைச் சோதித்தார். எந்த அளவுக்கு மேல் அழுத்தம் இருந்தால் அன்று பயிற்சி கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நடக்கும்போது நாடித்துடிப்பை எண்ணலாமா என்று கேட்டேன். அழுத்தத்துக்கு நான் உண்ணும் மாத்திரை துடிப்பையே மட்டுப்படுத்துவதால் அக்கணக்கு என்னை ஏமாற்றும் என்றார். வேறோர் எளிய அளவுகோல் தந்தார்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் நடை மெதுவு. பேசவே முடியாவிட்டால் நடை மிகுதி.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும், நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அத்திட்டத்தின் கூறுகள். எங்கள் தெருவுக்கு வந்த இளம் இயன்முறை மருத்துவர் எனக்கு மூன்று பாடங்கள் வகுத்தார்.

முதற்பாடம் நடை. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், அவ்வளவே. வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டினோம். வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், நாளொன்றுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் நடப்பது என்னும் அளவை எட்ட எனக்கு நான்கு திங்கள் பிடித்தது. எங்கள் ஊர் வெயில் எளியதன்று. ஆகவே கதிரவன் எழுமுன் புறப்பட்டேன். புறப்படுமுன் ஒரு குவளை நீர் அருந்தினேன். பின்பக்கம் வாருள்ள செருப்பை அணிந்தேன். வாரற்ற செருப்பு, இழுபடும் காலைத் தடுக்கிவிடும்.

இரண்டாம் பாடம் வலிமை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. முதல்நாள் இரண்டு முறைதான் முடிந்தது. என்னைச் சிறைவைத்த நாற்காலியே எனக்கு உடற்பயிற்சிக் கருவியாயிற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தேன். முயலும்போது மூச்சை அடக்கக்கூடாது; அடக்கினால் அழுத்தம் சட்டென ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் இப்பாடத்தில் அடங்கும். அது நிலைதடுமாறி விழாமல் காக்கும்.

மூன்றாம் பாடம் கை. இதற்கு எங்கள் வட்டாரமே கருவி தந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இம்மண்ணில் ஊன்றினார்கள். அந்தத் தீப்பெட்டிதான் என் பாடநூல். பெட்டியைத் தட்டில் கொட்டி, வலக்கை விரல்களால் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் அடுக்க வேண்டும். இடக்கை மடியில் சும்மா இருக்க வேண்டும். முதல்நாள் அரைமணி நேரத்தில் மூன்று குச்சிகள். வியர்த்துக் கொட்டியது, தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். தலைமையாசிரியனாக இருந்தவன் மூன்று குச்சிக்குத் தோற்றேன். மறுநாள் மூன்று. பத்தாம் நாள் ஐந்து. கணக்கை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதினேன். தேர்ச்சி அறிக்கை இல்லாத வகுப்பு உருப்படாது என்பது என் நெடுநாள் கொள்கை. ஓராண்டின் முடிவில் ஒரு பெட்டியைப் பன்னிரண்டு நிமிடத்தில் நிரப்பினேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் விரல் அம்மியினும் கனமானது, ஆயினும் நகர்ந்தது.

எல்லாம் திரும்பிவிட்டது என்று உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். களைத்த வேளையில் வலக்கால் இன்னும் மண்ணைக் கீறும். என் கையெழுத்து முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போலக் கோணலாகவே இருக்கிறது. ஆனால் சட்டைப் பொத்தானை நானே மாட்டுகிறேன். கடைவீதிக்கு நானே நடந்து போகிறேன். பயிற்சி இன்னொரு வகையிலும் காக்கிறது: இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க உதவி, நோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. உணவிலும் கட்டுப்பாடு வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் சாத்தூர்க் காராச்சேவும் ஒன்றுகூடினால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மணம் தெருமுனையில் இன்றும் என்னை அழைக்கத்தான் செய்கிறது. நான் மறுபக்கத்து ஓரமாக நடந்து போய்விடுகிறேன்.

இனி உங்கள் கடமை யாது? முதலாவது, நோயின் அறிகுறிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முகம் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் ஒத்தடம் தேடாதீர்கள், 108ஐ அழையுங்கள், அறிகுறி தோன்றிய மணியைக் குறித்து வையுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ கடுந்தலைவலியோ மயக்கமோ வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கென்று 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அறியாமையைத் தவிரக் காலந்தாழ்த்தக் காரணம் ஏதும் இல்லை.

இரண்டாவது, நோயிலிருந்து மீள்பவருக்கு எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள். என் வீட்டார் அன்பினால் ஏழாண்டுகள் எனக்குச் சோறு பிசைந்து தந்தார்கள். அந்த அன்பிலேயே என் கை தன் வேலையை மறந்தது. அவர் பொத்தான் மாட்ட ஐந்து நிமிடம் ஆனால், ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். அவர் சொல் தேடித் தயங்கினால், நீங்கள் முந்திக்கொண்டு முடித்து வைக்காதீர்கள். நடக்கும்போது நலிந்த பக்கத்தில் உடன் நடங்கள். ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும்.

சென்ற மாதம் என் மாணவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரிதான், வலக்கையால் எழுத ஒரு முற்பகல் ஆயிற்று. “ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கிவிட்டேன் தாயி” என்பது அதன் முதல் வரி. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் யாரேனும் அமர்ந்திருந்தால், நாளை விடியற்காலையில் அவரிடம் சென்று, “தாத்தா, தெருமுனை வரை போய் வருவோமா?” என்று கேளுங்கள். முதல்நாள் மறுப்பார், நானும் மறுத்தேன். மறுநாளும் கேளுங்கள்.